கிராமத்தை விட்டு நகரத்துக்கு: ஏன் போகிறார்கள், போனபின் என்ன ஆகிறது?

வளரும் நாடுகளில் கிராமத்து மக்கள் நகரங்களுக்குப் போவதற்கு என்ன காரணம், அதனால் நன்மையா தீமையா, அதைத் தடுக்க முடியுமா என்பது கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கருத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இந்த இடப்பெயர்வின் பெயரில் பட்டியலிடப்படும் கெடுதல்களில் பெரும்பகுதி, மக்கள் போனதால் மட்டும் வந்தவை அல்ல. அவர்களுடைய உழைப்பை வாங்கிக்கொள்ளும் நகரம், அவர்களைக் குடும்பத்தோடு ஏற்றுக்கொள்ளாததால் வந்தவை. ஆள் நகரத்தில், ரேஷன் அட்டை ஊரில், பிள்ளையின் பள்ளி ஊரில், வாக்கு ஊரில் என்று பாதிப் பாதியாக வாழ வேண்டியிருப்பதுதான் இதில் பெரிய துயரம்.

முதலில் இதன் அளவு. 1950-இல் உலக மக்களில் 30 சதவீதம் பேர்தான் நகரங்களில் வாழ்ந்தார்கள். 2007 வாக்கில் அது பாதியைத் தாண்டியது. 2018-இல் 55 சதவீதம். 2050-இல் 68 சதவீதம் ஆகும் என்பது ஐ.நா. அந்த ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு. கூடுதலாக நகரவாசிகள் ஆகப்போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பார்கள். 1950-இல் சில லட்சம் பேர் வாழ்ந்த வங்கதேசத்தின் டாக்காவும் நைஜீரியாவின் லாகோஸும் இன்று கோடிக்கணக்கானவர்களின் ஊர்கள்.

இந்த எண்களைப் பார்த்ததும் கிராமங்கள் எல்லாம் கிளம்பி வந்து நகரத்தை நிரப்பிவிட்டன என்று தோன்றும். அது சரியல்ல. வளரும் நாடுகளின் நகர வளர்ச்சியில் பெரும்பங்கு, ஏறக்குறைய 60 சதவீதம், ஏற்கெனவே நகரத்தில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளால் வருவது. மீதியிலும் ஒரு பகுதி, நேற்றுவரை கிராமம் என்று எழுதப்பட்ட ஊர் இன்று நகரம் என்று எழுதப்படுவதால் வருவது. அப்புறம்தான் இடப்பெயர்வு. அதிலும் நெடுந்தூரம் போகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் பக்கத்து ஊருக்கும் பக்கத்து நகரத்துக்கும்தான் போகிறார்கள் என்பதை ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885-லேயே பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டினார். இன்றைக்கும் அது பெரிதாக மாறவில்லை. இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் சுமார் 45 கோடிப் பேர் இடம் மாறியவர்களாகப் பதிவானார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இடம் மாறியதற்குத் திருமணம்தான் காரணம். ஆகவே, ‘நகரத்தில் கூட்டம் பெருத்துவிட்டது’ என்ற புகாருக்கெல்லாம் கிராமத்தானைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

சரி, ஏன் போகிறார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிறது. தாத்தாவின் ஆறு ஏக்கர் அப்பாவுக்கு மூன்றாகி, பிள்ளைகளுக்கு ஒன்றாகும்போது அதில் ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கச் சாப்பிட முடியாது. நிலமே இல்லாதவர்களுக்கு இன்னும் மோசம். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலை சில வாரங்களில் வந்து குவியும். இடையில் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அறுவடை இயந்திரம் வந்த இடங்களில் அந்தச் சில வாரங்களும் சில நாள்களாகச் சுருங்கிவிட்டன. அதோடு வானத்தை நம்பிய விவசாயம், வட்டிக்கு வாங்கிய கடன், ஒரு பெரிய நோய், ஒரு திருமணச் செலவு. வேறு வழியில்லாமல் ஊரை விட்டு இறங்குகிறவர்களைக் கேட்டால் இவற்றில் ஏதோ ஒன்று கட்டாயம் வரும்.

ஆனால் இந்தக் காரணங்கள் ஒரு புதிரை அவிழ்ப்பதில்லை. நகரத்தில் வேலை இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கும்போதும் ஏன் மேலும் மேலும் வருகிறார்கள்? பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954-இல் சொன்ன விளக்கத்தில் இதற்கு இடமில்லை. விவசாயத்தில் தேவைக்கு மேல் இருக்கும் கைகள் தொழிற்சாலைக்குப் போகும், அங்கே அவர்களுக்கு வேலை இருக்கும் என்பது அவருடைய கணக்கு. கென்யாவின் நிலையைப் பார்த்த இன்னொரு பொருளியலாளர் மைக்கேல் டொடாரோ 1969-இல் வேறு கணக்கு சொன்னார். வருகிறவர் நகரத்துச் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. அது தனக்குக் கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கிறார். ஊரில் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு சம்பளம், கிடைக்கும் வாய்ப்பு பாதி என்றாலும் போவது லாபம்தான். இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவும் வருகிறது. கிராமத்தை அப்படியே விட்டுவிட்டு நகரத்தில் மட்டும் வேலைகளைக் கூட்டினால், அந்த வேலைகளை நம்பி அவற்றைவிட அதிகமானவர்கள் வருவார்கள். நகரத்து வேலையின்மை குறையாது.

டொடாரோவின் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. முடிவெடுப்பவர் தனியாள் என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அந்த முடிவைக் குடும்பம் எடுக்கிறது. ஸ்டார்க், புளூம் போன்ற பொருளியலாளர்கள் 1980-களில் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் நகரத்துக்குப் போகிறார் என்றால் அது வெறும் சம்பள ஆசையால் அல்ல. மழை பொய்த்தால் ஊரில் எல்லோருடைய வருமானமும் ஒரே நேரத்தில் விழும், அண்டை வீட்டாரிடம் கடன் கேட்கவும் முடியாது. நகரத்துக் கட்டட வேலையின் கூலி அந்த மழையை நம்பி இல்லை. பயிர்க் காப்பீடும் வங்கிக் கடனும் எட்டாத வீட்டுக்கு, நகரத்தில் இருக்கும் பிள்ளைதான் காப்பீடு. போனவர் ஏன் தான் அரைவயிறு சாப்பிட்டாவது மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார் என்பதும், ஊர் நிலத்தை ஏன் விற்க மறுக்கிறார் என்பதும் இப்படிப் பார்த்தால்தான் புரியும்.

அடுத்து, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஒன்று. மிக ஏழைகள்தான் முதலில் போவார்கள் என்று நாம் நினைக்கிறோம். பல இடங்களில் அவர்களால்தான் போக முடிவதில்லை. வங்கதேசத்தின் வடமேற்கில் ரங்பூர் பகுதியில் ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ‘மொங்கா’ என்ற பசிக்காலம் உண்டு. நெல் நட்டாகிவிட்டது, அறுப்பு வரவில்லை, இடையில் கூலி இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்து நாள்களைத் தள்ளுவார்கள். பேருந்தில் ஏறினால் வேலை கிடைக்கும் ஊர்கள் அதே நாட்டில் இருந்தும் பல வீடுகளிலிருந்து யாரும் போவதில்லை. 2008-இல் பிரையன், சௌத்ரி, மொபாரக் ஆகிய ஆய்வாளர்கள் அங்கே ஒரு பரிசோதனை செய்தார்கள். சுமார் எட்டரை டாலர் மதிப்புள்ள தொகை, அதாவது போகவர பேருந்துக் கட்டணமும் சில நாள் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து, வேலை தேடிப் போனால்தான் இது என்று சொன்னார்கள். கொடுக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால் கூடுதலாக 22 சதவீத வீடுகளிலிருந்து ஆள் கிளம்பினார். அப்படி ஆள் அனுப்பிய வீடுகளின் சாப்பாட்டுச் செலவும் மற்றச் செலவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தன. அடுத்த ஆண்டு பணம் எதுவும் கொடுக்காமலேயே அவர்களில் பலர் மறுபடி போனார்கள்.

அத்தனை சிறிய தொகையை அவர்களால் முன்னமே சேர்த்திருக்க முடியாதா? முடிந்திருக்கலாம். ஆனால் கையிருப்பு முழுவதையும் பேருந்துக்குக் கொடுத்துவிட்டு, வேலை கிடைக்காமல் திரும்பினால் பிள்ளைகள் பட்டினி. பசியின் ஓரத்தில் நிற்பவருக்கு அந்த ஆபத்தை எடுக்க இடமில்லை. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்க்காதவர்கள். அதே நேரம், இந்தத் திட்டத்தின் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். வட்டியில்லாக் கடனாக மாற்றி, 2017-இல் மிகப் பெரிய அளவில் நடத்தியபோது முதலில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. 2019-இல் அதை நிறுத்திவிட்டார்கள். சிறிய அளவில் பலித்தது பெரிய அளவில் அப்படியே பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

போவதற்குப் பணம் மட்டும் போதாது, ஆள் வேண்டும். முதலில் போன சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ இருந்தால் படுக்க இடம், வேலைக்கு ஒரு சிபாரிசு, முதல் வாரச் சாப்பாடு கிடைக்கும். ஒரே மாவட்டத்து ஆட்கள் ஒரே நகரத்தில் ஒரே தொழிலில் குவிவது இதனால்தான். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர்கள் சூரத்தின் விசைத்தறிக் கூடங்களில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. அப்படி ஆள் இல்லாதவர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார். அந்த முன்பணம் கழியும் வரை கூலி எவ்வளவு என்று கேட்கும் வாய் அவருக்கு இல்லை. நகரத்துக்குப் போன இரண்டு பேரில் ஒருவர் முன்னேறுவதற்கும் இன்னொருவர் கொத்தடிமை போல ஆவதற்கும், கிளம்பும்போதே யார் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார் என்பது பெரிய காரணம்.

நகரத்து விளக்கு வெளிச்சத்தில் மயங்கிப் போகிறார்கள் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. அதற்கு ஜாம்பியா ஒரு நல்ல மறுப்பு. தாமிரச் சுரங்கங்களால் அந்த நாட்டின் நகரங்கள் வேகமாகப் பெருத்தன. பிறகு தாமிர விலை விழுந்து வேலைகள் போயின. 1980-க்கும் 2000-க்கும் இடையில் நகரங்களில் வாழ்வோரின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்தது. பிழைப்பு இல்லாதபோது மக்கள் கிராமத்துக்கே திரும்பினார்கள். வெளிச்சம்தான் ஈர்ப்பு என்றால் இது நடந்திருக்காது.

வறட்சியும் வெள்ளமும் பழைய காரணங்கள். பிரேசிலின் வடகிழக்கில் 1877 முதல் 1879 வரை நீடித்த பெரும் வறட்சி லட்சக்கணக்கானவர்களை ஊரை விட்டு விரட்டியது. இனி இது கூடும். தக்க நடவடிக்கை இல்லாவிட்டால் 2050-க்குள் 21.6 கோடிப் பேர் வரை பருவநிலை மாற்றத்தால் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம் மாற வேண்டியிருக்கும் என்று உலக வங்கி 2021-இல் கணித்தது. எனக்குக் கூடுதல் கவலை, நிலத்தில் உப்பேறியும் கிணறு வற்றியும் போன பிறகும் கிளம்பக் காசில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்பவர்களைப் பற்றி. அவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

விளைவுகளுக்கு வருவோம். முதலில் கிராமம். அங்கே வந்து சேரும் பணம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும், கடன் அடைக்கவும், கூரையை ஓடாக்கவும், பிள்ளைகளின் படிப்புக்கும் போகிறது. இதை வீண்செலவு என்று எழுதுகிறவர்கள் உண்டு, முதலீடு செய்யவில்லையாம். கடன் தீர்ந்த வீட்டில் பெரிய பையன் பள்ளியை விடாமல் இருப்பதும் முதலீடுதான். பணம் எவ்வளவு எளிதாக வந்து சேர்கிறது என்பதும் பெரிய வித்தியாசம் செய்யும். கென்யாவில் 2007-இல் எம்-பேசா என்ற பணம் அனுப்பும் சேவை வருவதற்கு முன் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குப் போகும் தெரிந்தவரிடமோ கொடுத்தனுப்ப வேண்டும். கைபேசியிலேயே அனுப்பும் வசதி வந்தபின் ஏறக்குறைய 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாகச் சூரி, ஜாக் ஆகியோரின் 2016 ஆய்வு கணக்கிட்டது. அந்த நாட்டுக் குடும்பங்களில் அது 2 சதவீதம். பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளில் பலன் இன்னும் அதிகம்.

இன்னொரு பக்கம், ஊரில் விவசாயம் பெண்கள் கைக்கும் முதியவர்கள் கைக்கும் வருகிறது. கணவர் போனபின் விதைப்பிலிருந்து விற்பனை வரை மனைவியே பார்க்கிறார். ஆனால் பட்டா அவர் பெயரில் இல்லை. அதனால் வங்கிக் கடன் இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் இடமில்லை, வெள்ள நிவாரணம் வந்தாலும் கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலை முழுக்க மாறியும் உரிமை மாறவில்லை. கிராமத்தில் தங்கிய கூலித் தொழிலாளிகளுக்கு ஒரு நன்மை உண்டு. ஆள் குறைந்ததால் அறுவடைக் கூலி ஏறும், பண்ணையார் சொன்ன கூலிக்குப் போக வேண்டிய கட்டாயம் தளரும். ‘விவசாயத்துக்கு ஆளே கிடைப்பதில்லை’ என்று நிலக்காரர் புலம்பும் அதே செய்தி, கூலிக்காரருக்கு நல்ல செய்தி. நான் இதில் கூலிக்காரர் பக்கம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இப்படி எளிதாகப் பக்கம் எடுக்க முடிவதில்லை. சீனாவில் பெற்றோர் இருவருமோ ஒருவரோ வேலைக்காக வெளியூர் போய்விட, கிராமத்தில் விடப்பட்ட பிள்ளைகள் 6 கோடிக்கு மேல் என்று 2010 கணக்கெடுப்பை வைத்துச் சீனப் பெண்கள் கூட்டமைப்பு சொன்னது. பெற்றோருக்குப் பாசம் இல்லாமலா இது நடந்தது? 1958-இல் சட்டமான ‘ஹுகோவ்’ என்ற குடும்பப் பதிவு முறை ஒருவரைப் பிறந்த ஊரோடு கட்டிப்போட்டது. கிராமப் பதிவு உள்ளவர் நகரத்துத் தொழிற்சாலையில் பத்தாண்டு வேலை செய்யலாம். ஆனால் அவருடைய பிள்ளைக்கு அந்த நகரத்து அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பதிவான மாகாணத்தில்தான் பொதுவாக எழுத வேண்டும். அதனால் பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை சீனப் புத்தாண்டுக்கு வந்து பார்த்தார்கள். 2014-க்குப் பிறகு சிறு நகரங்களில் இந்த விதிகளைத் தளர்த்திவிட்டார்கள், பெருநகரங்களில் கெடுபிடி தொடர்கிறது. அந்தப் பிள்ளைகள் அம்மாவை இழந்தது இடப்பெயர்வால் மட்டுமல்ல, ஒரு விதியாலும்தான்.

நகரத்தில் என்ன நடக்கிறது? போக்குவரத்து நெரிசல், குப்பை, புகை எல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றுக்கு வாகனம் வைத்திருப்பவர்கள்தான் முதல் காரணம், நடந்து வேலைக்குப் போகும் சித்தாள் அல்ல. பெரிய விளைவுகள் இரண்டு. ஒன்று, வருகிறவர்களில் மிகப் பலர் ஒப்பந்தமோ சேமநிதியோ விடுப்போ இல்லாத வேலைகளில் சேர்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018 கணக்குப்படி உலகில் வேலை செய்பவர்களில் 61 சதவீதம், அதாவது 200 கோடிப் பேர், இப்படி முறைசாராத் தொழில்களில்தான் இருக்கிறார்கள். இரண்டு, வீடு. உலகம் முழுக்க நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் குடிசைப் பகுதிகளில் வாழ்கிறார்கள். குழாய் வராததால் குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் அவர்களுக்கு, பங்களாவாசியைவிடத் தண்ணீர் விலை அதிகம்.

ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் சும்மா கை கட்டிக்கொண்டு இருப்பவர்கள் அல்ல. கராச்சியின் ஒராங்கி மிகப் பெரிய அனுமதியற்ற குடியிருப்பு. 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே தொடங்கிய முயற்சியில், இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, அளவெடுத்து, தாங்களே மண்ணைத் தோண்டிக் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். வரைபடமும் தொழில்நுட்ப ஆலோசனையும் மட்டும் வெளியிலிருந்து வந்தன. ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது. பெரிய வடிகாலை மட்டும் அரசு செய்தால் போதும் என்ற அந்த ஏற்பாடு பிற நகரங்களுக்கும் பரவியது. இடித்துத் தள்ளும் இயந்திரத்தை அனுப்புவதைவிட இது எவ்வளவு மலிவு, எவ்வளவு மரியாதை!

பெண்களுக்கு நகரம் தருவதையும் சொல்ல வேண்டும். வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 40 லட்சம் பேரில் பெரும்பாலோர் பெண்கள், மிகப் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். வேலை கடினம், பாதுகாப்பு மோசம். 2013-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்கவே கூடாது. இருந்தும் அந்த ஆலைகளை ஒட்டிய கிராமங்களில் பெண் பிள்ளைகளின் திருமணம் தள்ளிப்போனது, படிப்பு கூடியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சொந்தச் சம்பளம் கையில் வந்த பெண் கல்யாணப் பேச்சில் தன் கருத்தையும் சொல்ல முடிகிறது.

பாதி வாழ்க்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2020 மார்ச்சில் இந்தியாவின் ஊரடங்கு காட்டியது. வேலை நின்ற சில நாள்களில் லட்சக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கினார்கள். பலருடைய ரேஷன் அட்டை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஊரில் இருந்தது. தங்கியிருந்த நகரத்தில் அவர்களுக்கு அரிசி வாங்க உரிமை இல்லை. வாடகை கொடுக்கக் கூலி இல்லை. நடப்பதைத் தவிர என்ன செய்வார்கள்? எந்த மாநிலத்திலும் ரேஷன் வாங்கும் ஏற்பாடு 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022-இல்தான் நாடு முழுக்க வந்தது. சில ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் அந்தச் சாலைகளில் கால்கள் குறைந்திருக்கும்.

கடைசியாக, தடுக்க முடியுமா? முயன்றவர்கள் பலர். தென்னாப்பிரிக்கா கறுப்பின மக்கள் நகரத்துக்குள் வர அனுமதிச் சீட்டு கேட்டது. 1986-இல் அந்தச் சட்டங்களைக் கைவிடும் வரை லட்சக்கணக்கானவர்களைக் கைது செய்தும் வரவு நிற்கவில்லை. ஜகார்த்தா 1970-இல் தன்னை ‘மூடிய நகரம்’ என்று அறிவித்தது, அதன் பிறகும் பல மடங்கு பெருத்தது. சீனா அனுமதியில்லாதவர்களைப் பிடித்து ஊருக்குத் திருப்பியனுப்பும் முறையை 2003-இல் ஒழித்தது. தடை ஆளை நிறுத்துவதில்லை, வந்தவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, முதலாளிக்கும் காவலருக்கும் பயந்து வாழ வைக்கிறது.

கட்டாயத்தால் போவதைக் குறைக்க முடியும், குறைக்கவும் வேண்டும். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டப்படி வறண்ட மாதங்களில் ஊரிலேயே கூலி வேலை கிடைத்த இடங்களில், குறுகிய காலத்துக்கு நகரம் போவது குறைந்தது என்று இம்பர்ட், பாப் ஆகியோரின் ஆய்வு காட்டியது. நகரத்தில் அதிகக் கூலி கிடைக்கும் என்று தெரிந்தும் பலர் ஊரிலேயே தங்கினார்கள். நடைபாதையில் தூங்குவதற்கும் பிள்ளைகளைப் பிரிவதற்கும் மனிதர்கள் ஒரு விலை வைத்திருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள். அதே போல நீர்ப்பாசனம், கிராமத்தில் ஒழுங்காக நடக்கும் பள்ளி, மருத்துவமனை, பக்கத்துச் சிறுநகரங்களில் தொழில் ஆகியவை உதவும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். படிப்பும் சாலையும் வந்த கிராமத்திலிருந்து போகிறவர்கள் சில காலத்துக்குக் கூடவும் செய்வார்கள், ஏனென்றால் இப்போதுதான் அவர்களால் போக முடிகிறது. அதைத் திட்டத்தின் தோல்வி என்று எண்ணக் கூடாது.

மற்றபடி நகரங்கள் செய்ய வேண்டியது தெளிவானது. வரப்போகிறவர்களுக்கு நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கித் தெருவும் குழாயும் போட்டு வைப்பது, பிறகு இடித்துக் கட்டுவதைவிடப் பல மடங்கு மலிவு. அடுத்தது வாடகை வீடு. அரசுகள் சொந்த வீடு கொடுக்கும் திட்டங்களையே அறிவிக்கின்றன. புதிதாக வந்தவருக்கு வேண்டியது வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு கழிப்பறை. பிள்ளையைச் சேர்க்க எந்த முகவரிச் சான்றும் கேட்காத பள்ளி. ஊர் மாறினாலும் கூடவே வரும் ரேஷன், மருத்துவக் காப்பீடு, வாக்குரிமை. இவற்றில் நான் முதலில் கேட்பது வாக்குரிமையைத்தான். நகரமன்றத் தேர்தலில் வாக்கு இல்லாதவர்களின் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் வருவதில்லை.